எந்த விரலைத் தொடுறேன்?

டிரைவர்: ...அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். வேன் படி ஈரமா இருந்துச்சு, வழுக்கிடுச்சு. அவ்வளவுதான். இவதான் ஊரக் கூட்டிட்டா.

மனைவி: எந்தப் படிங்க ஈரமா இருந்துச்சு? கொளுத்துற வெயில்ல நிக்குது வண்டி. அதுல எங்கேருந்து வந்துச்சு ஈரம்?

டிரைவர்: ஏதாவது ஒரு வாண்டு தண்ணி பாட்டிலக் கொட்டியிருக்கும்.

மனைவி: வாண்டுங்க எல்லாம் எறங்கி கிளாசுக்குப் போயாச்சு. அப்புறந்தான் நீங்க எறங்குனீங்க. எறங்குனீங்களா... மூட்டை மாதிரி விழுந்தீங்க.

டாக்டர்: கொஞ்சம் இருங்க ரெண்டு பேரும். ஸ்கூல் வேனா? சொந்த வண்டியா?

டிரைவர்: சொந்த வண்டிதான். நான் ஓட்டுறேன், இவ கூட வருவா. பிள்ளைங்கள ஏத்தி எறக்குறது, சண்டைய விலக்குறது, மூக்கத் தொடைக்கிறது எல்லாம் இவ டிபார்ட்மெண்ட்.

மனைவி: இப்ப இவரையும் சேத்துத் தொடைக்க வேண்டியிருக்கு.

டிரைவர்: கேட்டீங்களா டாக்டர்? இதுதான் தினம். நீங்க ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க, நான் கெளம்புறேன். சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரத்துக்கு நான் கேட்டுல நிக்கணும்.

டாக்டர்: சாயங்காலத்தை அப்புறம் பாக்கலாம். கட்டில்ல ஏறி மல்லாக்கப் படுங்க. ...வலது கால ஏன் கையால தூக்கி வெக்கிறீங்க?

டிரைவர்: சும்மா... பழக்கம்.

மனைவி: என்ன பழக்கம்? இது எப்பலேருந்து?

டாக்டர்: அம்மா, நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க. ...சரி, இப்ப உங்க வலது கால முட்டி மடக்காம நான் தூக்குறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வலிச்சா சொல்லுங்க.

டிரைவர்: தாராளமா தூக்குங்க. இந்தக் காலு எத்தனை வருஷம் பிரேக் அமுக்குன காலு தெரியுமா, இரும்பு டாக்டர் இது, இரும்... ஆ! அய்யய்யோ! அம்மாடி! விடுங்க, விடுங்க!

டாக்டர்: இன்னும் ஒரு ஜாண்கூடத் தூக்கல.

மனைவி: கடவுளே! மூஞ்செல்லாம் வேர்த்துக் கொட்டுது... ஏங்க, இவ்வளவு வலியா? என்கிட்ட லேசா பிடிப்புன்னுதானே சொன்னீங்க?

டிரைவர்: லேசாதான்... இவங்க... தூக்குன தூக்கு அப்படி.

டாக்டர்: வலி எங்க ஆரம்பிச்சு எங்க போச்சு? விரல வெச்சுக் காட்டுங்க.

டிரைவர்: இடுப்புல... இதோ, உக்கார்ற எடத்துக்கு மேல. அங்கேருந்து தொடைக்குப் பின்னாடி இறங்கி, ஆடுசதை வழியா, இந்தப் பக்கமா பாதத்துக்கு. சுரீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி போகும்.

டாக்டர்: இருமுனா, தும்முனா?

டிரைவர்: அதெல்லாம்...

மனைவி: தும்மவே மாட்டேங்கிறாரு டாக்டர்! தும்மல் வந்தா மூக்கப் புடிச்சுக்கிட்டு செவுத்துல கைய ஊணிக்கிறாரு. கேட்டா, பிள்ளைங்களுக்குத் தொத்திக்கும்னு அடக்குறேங்கிறாரு. நானும் எவ்வளவு பொறுப்பான மனுஷன்னு நினைச்சேன்.

டாக்டர்: சரி, குப்புறப் படுங்க. முதுகப் பாக்கணும்.

மனைவி: முதுகையா? கால்ல வலிக்குதுன்னா முதுக எதுக்கு டாக்டர் பாக்குறீங்க?

டாக்டர்: ஏன்னா கோளாறு கால்ல இல்ல. இங்க பாருங்க, இந்த எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவுல மெத்துன்னு ஒரு தட்டு இருக்கும். டிஸ்க்குன்னு சொல்லுவாங்களே, அது. அது பிதுங்கி வெளிய வந்து, பக்கத்துல போற நரம்ப நசுக்குது. அந்த நரம்பு இங்கேருந்து கெளம்பி இடுப்பு, தொடை, கெண்டைக்கால், கட்டைவிரல் வரைக்கும் போகுது. நசுங்குறது இங்க, கத்துறது அங்க. இதுக்குப் பேரு சயாட்டிகா.

டிரைவர்: அட! ஒயரு ஸ்டார்ட்டர் கிட்ட நசுங்குனா பின்னாடி லைட்டு எரியாதே, அந்தக் கதையா?

டாக்டர்: ஏறக்குறைய. எத்தனை நாளா?

டிரைவர்: ஒரு... வாரம் இருக்கும்.

மனைவி: வாரமா?

டிரைவர்: ரெண்டு மூணு...

மனைவி: மழை விட்டதுலேருந்து நொண்டுறாரு டாக்டர். அது எத்தனை மாசம்னு நீங்களே பாத்துக்குங்க.

டாக்டர்: இத்தனை நாளா என்ன வைத்தியம் பண்ணீங்க?

டிரைவர்: வெந்நீர் ஒத்தடம்...

டாக்டர்: சரி.

டிரைவர்: தைலம்...

டாக்டர்: சரி.

டிரைவர்: அப்புறம்... ஒண்ணுமில்ல.

டாக்டர்: அப்புறம் என்ன? முதுகுல இந்தத் தடம் எப்படி வந்துச்சு? கணுக்கால்ல தோல் உரிஞ்சு ஆறியிருக்கே, அது எப்படி?

டிரைவர்: அது... நம்ம பட்டறை மெக்கானிக்கு. நல்ல கைராசி டாக்டர். எந்த வண்டியா இருந்தாலும்...

டாக்டர்: என்ன பண்ணான் மெக்கானிக்கு?

டிரைவர்: நரம்பு சுருண்டு கெடக்கு, இழுத்து விட்டா நேராயிடும்னு சொன்னான். இஞ்சினத் தூக்குறதுக்கு மேல இருந்து ஒரு செயின் பிளாக்கு தொங்கும்...

மனைவி: ஐயோ!

டிரைவர்: துணியச் சுத்திதான் கட்டுனான்! வெறும் செயினா கட்டுவான்?

டாக்டர்: உங்க கால செயின் பிளாக்குல கட்டி... தூக்குனாங்களா?

டிரைவர்: முழுசாத் தூக்கல. இடுப்பு தரைய விட்டு லேசா கெளம்புற வரைக்கும். ஒருத்தன் செயினை இழுக்க, இன்னொருத்தன் முதுகுல ஏறி நிக்க... சடக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க.

மனைவி: கை தட்டுனாங்களா! அடப் பாவிகளா! மனுஷனத் தலகீழாத் தொங்க விட்டுட்டு... ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? அன்னைக்கு சட்டையெல்லாம் கிரீஸா வந்தீங்களே, வண்டிக்கு சர்வீசுன்னு சொன்னீங்களே...

டிரைவர்: சர்வீசுதானே.

டாக்டர்: எனக்குத் தலை சுத்துது. நான் படிச்ச படிப்புல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல. அந்த சடக்குக்கு அப்புறம் எப்படி இருந்துச்சு?

டிரைவர்: அதுதான் அதிசயமே. கொஞ்ச நாள்ல வலி கொறைஞ்சிடுச்சு டாக்டர்! தூக்குனா மட்டுந்தான் இப்படி. சும்மா இருந்தா பாதத்துல ஒண்ணுமே தெரியல.

டாக்டர்: ...ஒண்ணுமே தெரியலன்னா?

டிரைவர்: வலி தெரியலங்கிறேன். நல்லதுதானே?

மனைவி: டாக்டர், நல்லதில்லையா?

டாக்டர்: சொல்றேன். பொதுவா இந்த நோவுக்கு யாரும் பயப்பட வேண்டியதே இல்ல. பத்துல ஒம்போது பேருக்குக் கத்தியே வெக்காம சரியாயிடும். வலிக்கு மாத்திரை, பாரம் தூக்காம இருக்கிறது, படுத்தே கெடக்காம மெதுவா நடக்கிறது, வலி தணிஞ்சதும் முதுகுக்குப் பயிற்சி. நாளாவட்டத்துல பிதுங்குனது தானே சுருங்கும். அவ்வளவுதான்.

டிரைவர்: பாத்தியா! பாத்தியா! டாக்டரே சொல்லிட்டாங்க. அதுக்குப் போயி ஆட்டோ வெச்சு இழுத்துட்டு வந்து... எந்திரி, கெளம்பலாம்.

டாக்டர்: நீங்க எந்திரிங்க முதல்ல. செருப்பு வேணாம். வெறுங்கால்ல நில்லுங்க. ம். குதிகாலை மட்டும் தரையில ஊணி, முன்பாதத்தத் தூக்கிக்கிட்டு அந்தச் செவுரு வரைக்கும் நடங்க.

டிரைவர்: இதென்ன சின்னப் பிள்ள விளையாட்டு? நம்ம வேன்ல யூகேஜி ஒண்ணு இப்படித்தான் நடக்கும்...

டாக்டர்: நடங்க.

டிரைவர்: இடது... ம்... இதோ... இருங்க, தரை வழுக்குது.

டாக்டர்: தரை வழுக்கல. வலது பாதத்தத் தூக்குங்க.

டிரைவர்: தூக்கிக்கிட்டுதானே இருக்கேன்.

மனைவி: எங்கங்க தூக்குறீங்க? அது அப்படியே கெடக்கே!

டிரைவர்: தூக்குறேன்டி! நல்லாப் பாரு!

மனைவி: ஐயோ, கொஞ்சம்கூட அசையலயே... டாக்டர், செத்த மீன் மாதிரி தொங்குது. வீட்ல நடக்கும்போது டப்பு டப்புன்னு சத்தம் கேக்கும். செருப்பு லூசா இருக்குன்னு சொல்லி வார் வெச்ச செருப்பு வாங்கிக்கிட்டாரு. நான் ரெண்டு தடவை கடைக்கு எடுத்துட்டுப் போயி சைஸ் மாத்திக் குடுத்தேன் டாக்டர். செருப்புக்கா கேடு! காலுக்குல்ல கேடு!

டாக்டர்: நீங்க படுங்க. கண்ண மூடுங்க. இறுக்கமா மூடுங்க. நான் உங்க வலது கால் விரலை ஒண்ணொண்ணா தொடுவேன். எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லணும்.

டிரைவர்: இது சுலபம்.

டாக்டர்: சொல்லுங்க.

டிரைவர்: சுண்டு விரல்.

டாக்டர்: இப்ப?

டிரைவர்: கட்டைவிரல்.

டாக்டர்: இப்ப?

டிரைவர்: நடு விரல். தப்பு சொல்லவே மாட்டேன் டாக்டர். இன்னும் கேளுங்க.

டாக்டர்: இப்ப?

டிரைவர்: மறுபடியும் கட்டைவிரல். லேசா தொடுறீங்க, அதான் யோசிக்க வேண்டியிருக்கு.

மனைவி: ...

டிரைவர்: என்ன சத்தத்தையே காணோம்? எல்லாம் சரிதானே?

மனைவி: ஏங்க... அவங்க கை உங்க கால்லயே இல்லங்க.

டிரைவர்: என்ன?

மனைவி: அவங்க தொடவே இல்ல. கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு தடவைகூடத் தொடல...

டிரைவர்: வெளையாடாத.

டாக்டர்: கண்ணத் திறக்காதீங்க. இப்ப நிஜமாவே ஊசியால குத்துறேன். தெரிஞ்சா சொல்லுங்க.

டிரைவர்: குத்துங்க.

மனைவி: டாக்டர்! வேணாம்... ஐயோ, ரத்தம் வருது!

டிரைவர்: குத்துங்கன்னு சொன்னேனே. எப்ப குத்துவீங்க?

மனைவி: குத்தியாச்சுங்க! ரத்தம் வருதுங்க! உங்களுக்குத் தெரியலயா? என்னைப் பாருங்க... நிஜமா தெரியலயா?

டிரைவர்: ...தெரியல.

மனைவி: இந்தக் கால வெச்சுக்கிட்டா தினம்... அத்தனை பிள்ளைங்கள... டாக்டர், வலது காலுதானே பிரேக்கு?

டாக்டர்: அதைத்தான் நான் கேக்கப் போறேன். இந்தப் பாதத்த உங்களால தூக்க முடியாது. அது எங்க இருக்குன்னும் தெரியாது. ஆக்சிலேட்டர்லேருந்து பிரேக்குக்கு எப்படி மாத்துறீங்க?

டிரைவர்: தொடைய மொத்தமாத் தூக்கி வெப்பேன்.

டாக்டர்: சரியான எடத்துல வெச்சீங்களான்னு எப்படித் தெரியும்?

டிரைவர்: தெரியும்.

டாக்டர்: எப்படி?

டிரைவர்: ...கண்ணாடி.

டாக்டர்: என்ன கண்ணாடி?

டிரைவர்: சவரம் பண்ற கண்ணாடி. டேஷ்போர்டுக்குக் கீழ சாச்சு ஒட்டியிருக்கேன். குனிஞ்சா பாதம் தெரியும்.

மனைவி: அதுவா! பின் சீட்டுல யாரு சேட்டை பண்றாங்கன்னு பாக்குறதுக்குன்னு சொன்னீங்களே! நானும் அத தினம் துணி வெச்சுத் தொடைச்சு விட்டேனே! பாவி மனுஷா... அப்ப நீங்க ரோட்டப் பாக்கலயா? கால் எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டா ஓட்டுனீங்க?

டிரைவர்: ரோட்டையும் பாப்பேன். ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ.

டாக்டர்: நான் ஒரு நிமிஷம் உக்காந்துக்கிறேன்.

மனைவி: தண்ணி குடிங்க டாக்டர். எனக்கும் கொஞ்சம் குடுங்க.

டாக்டர்: சரி... சரி. இன்னும் சில கேள்வி இருக்கு. மறைக்காமச் சொல்லணும். வெக்கப்படக் கூடாது. ரெண்டு தொடைக்கும் நடுவுல, உக்கார்ற எடத்துல... மரத்துப் போன மாதிரி இருக்கா?

டிரைவர்: சேச்சே. அங்கெல்லாம் ஒண்ணுமில்ல.

மனைவி: அங்க நல்லாத்தான் இருக்கும் டாக்டர். டிரைவர் சீட்டுக்கு நான் புது மெத்தை தெச்சுப் போட்டேன். பாராட்டவே தெரியாத மனுஷன், இந்த வாரம் அதிசயமாப் பாராட்டுனாரு. பஞ்சு மாதிரி இருக்கு, சீட்டுல உக்காந்த மாதிரியே இல்லன்னு...

டாக்டர்: என்ன சொன்னாரு?

மனைவி: உக்காந்ததே தெரியலன்னு... டாக்டர்? ஏன் எந்திரிச்சிட்டீங்க?

டாக்டர்: ஐயா, என்னைப் பாருங்க. இந்தக் கட்டில்ல உக்காந்திருக்கீங்களே, கட்டில் தெரியுதா?

டிரைவர்: ...பாத்தா தெரியுது.

டாக்டர்: கடைசியா ஒண்ணுக்கு எப்ப போனீங்க?

டிரைவர்: பொம்பளைங்க முன்னாடி இதெல்லாம் எப்படி...

டாக்டர்: நான் டாக்டர். அவங்க உங்க சம்சாரம். எப்ப போனீங்க?

டிரைவர்: நேத்து... மதியம் இருக்கும். தண்ணி கம்மியா குடிச்சேன், அதனால வரல.

மனைவி: பொய்யி! ராத்திரி அவ்வளவு நேரம் பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு நின்னீங்களே! கதவத் தட்டுனப்ப, குளிக்கிறேன்னு சொன்னீங்களே! வெளிய வந்தப்ப தலைகூட நனையல. எனக்குத்தான் புத்தி இல்ல, கேக்காம விட்டுட்டேன்.

டாக்டர்: வயித்தக் காட்டுங்க. ...அப்பா! எவ்வளவு முட்டிக்கிட்டு இருக்கு. இது வலிக்கலயா?

டிரைவர்: பாரமா இருக்கு. வலிக்கல.

டாக்டர்: இப்ப நான் சொல்றத நிதானமாக் கேளுங்க. முன்னாடி சொன்னேனே, பயப்பட வேண்டாம்னு? அது மத்தவங்களுக்கு. உங்களுக்கு அந்தத் தட்டு ஒரு நரம்ப மட்டும் நசுக்கல. கீழ போற நரம்புக் கொத்து மொத்தத்தையும் நசுக்குது. முதல்ல டியூப் போட்டு மூத்திரத்த எடுக்கணும், உடனே ஸ்கேன் எடுக்கணும், இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். நாளைக்கு இல்ல, இன்னிக்கு. தள்ளிப் போட்டா ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எதுவும் உங்க கட்டுப்பாட்டுல இருக்காது. கடைசி வரைக்கும்.

மனைவி: ஆபரேஷனா! இன்னிக்கா? வழுக்கி விழுந்தாருன்னுதானே டாக்டர் கூட்டிட்டு வந்தேன்...

டிரைவர்: நாளைக்குக் காலைல வந்துடுறேன் டாக்டர்.

டாக்டர்: நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

டிரைவர்: விழுந்துச்சு. சாயங்காலம் ஒரு டிரிப்புதான். ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்கள வீடு வீடா எறக்கி விட்டுட்டு, நேரா இங்க வந்து படுத்துக்கிறேன். இந்த வேளைக்கு வேற டிரைவருக்கு எங்க போவேன்? நம்ம பேரு போயிடும். பேரு போச்சுன்னா அடுத்த வருஷம் ஒரு பிள்ளகூட நம்ம வண்டியில ஏறாது. செருப்பு எங்க?

டாக்டர்: உங்களுக்கென்ன பைத்தியமா? இப்பத்தான் ஊசி குத்துனதே தெரியாம படுத்துக் கெடந்தீங்க.

டிரைவர்: காலுக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியும். செருப்ப எடு.

மனைவி: எடுக்க மாட்டேன்.

டிரைவர்: எடுன்னா.

மனைவி: மாட்டேங்கிறேன்ல! டாக்டர், இவரு விழுந்தது பெருசில்ல. அதுக்கு முன்னாடி நடந்ததச் சொல்லவா?

டிரைவர்: வாய மூடு.

மனைவி: இன்னிக்குக் காலைல வண்டி நிக்கல டாக்டர். ஸ்கூல் வாசல்ல. நேராப் போயி இரும்புக் கேட்டுல இடிச்சு நின்னுச்சு. வாட்ச்மேன் பெரியவரு அப்படியே எகிறிக் குதிச்சாரு, இல்லன்னா அவரு கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல. பிள்ளைங்க எல்லாம் ஓன்னு அழுவுதுங்க. ஒண்ணு மட்டும், அங்கிள் இன்னொரு தடவைங்குது.

டாக்டர்: பிள்ளைங்க உள்ள இருந்தாங்களா?

மனைவி: அத்தனை பேரும். ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. அது எப்படின்னு எனக்குத் தெரியாது.

டாக்டர்: ஸ்கூல்ல என்ன சொன்னாங்க?

மனைவி: பிரேக் ஆயில் ஒழுகிடுச்சுன்னு இவரு கூசாமச் சொன்னாரு. சரி பாத்துட்டு சாயங்காலம் எடுத்துட்டு வாங்கன்னு விட்டுட்டாங்க. எல்லாரும் உள்ள போனதும் எறங்குனாரு, விழுந்தாரு.

டாக்டர்: அதை ஏன் வந்ததுமே சொல்லல? படி ஈரம், தண்ணி பாட்டில்னு அவரு கதை சொல்லும்போது நீங்களும் இதை மறைச்சுட்டீங்களே?

டிரைவர்: ஒரே ஒரு நாள் டாக்டர்! ஒரு நாள் தப்பிடுச்சு. யாருக்குத்தான் தப்பாது?

டாக்டர்: வண்டிச் சாவிய என்கிட்ட குடுங்க. இல்லன்னா இப்பவே ஸ்கூலுக்குப் போன் பண்றேன்.

டிரைவர்: பண்ணுங்களேன். பண்ணிக் கேளுங்க. இத்தனை வருஷத்துல என் வண்டி ஒரு ஸ்டாப்புல கோட்டைத் தாண்டி நின்னிருக்கான்னு கேளுங்க. ஒரு பிள்ளைக்கு நெத்தி இடிச்சிருக்கான்னு கேளுங்க. இந்தக் கால் மரத்து எவ்வளவு நாளாச்சு? தினம் ரெண்டு டிரிப்பு அடிச்சேன்ல? ஒவ்வொரு ஸ்டாப்புலயும் வண்டி நின்னுச்சுல்ல? நிறுத்துனது யாரு? இந்தக் காலுதானே? அப்ப சாயங்காலமும் நிறுத்தும்.

மனைவி: நிறுத்தாது.

டிரைவர்: ஏன் நிறுத்தாது?

மனைவி: இத்தனை நாளும் அது நிறுத்தலங்க.

டாக்டர்: என்னம்மா சொல்றீங்க?

மனைவி: எங்களுக்கு ஒரு பழக்கம் டாக்டர், வண்டி வாங்குனதுலேருந்து. ஸ்டாப்புல வண்டி நின்னதும் நான் கை பிரேக்க இழுத்து விட்டுட்டுத்தான் கதவத் திறப்பேன். லிவர் என் சீட்டுப் பக்கம் இருக்கு, அதனால அது என் வேலை. மழை விட்ட சமயம் ஒரு நாள், வண்டி நிக்காம முன்னால நகந்துக்கிட்டே போச்சு. பதறிப்போயி இழுத்தேன், நின்னுச்சு. மறுநாளும் அப்படித்தான். அப்புறம் வண்டி மெதுவாகும்போதே இழுக்க ஆரம்பிச்சேன். அப்புறம் அதுக்கும் முன்னாடியே. இவரு பிரேக் போட்டுட்டதா நினைச்சுக்கிட்டிருந்தாரு. போட்டது நான்.

டாக்டர்: இத்தனை நாளா? தெரிஞ்சே பிள்ளைங்கள ஏத்துனீங்களா?

மனைவி: திட்டுங்க டாக்டர். வாங்கிக்கிறேன். தூக்கக் கலக்கம்னு நினைச்சேன். கண்ணு மங்குதோன்னு நினைச்சேன். நொண்டுறது வெறும் பிடிப்புன்னு சொன்னாரு, காலே மரத்துப் போச்சுன்னு சத்தியமா நினைக்கல. கேட்டா உடைஞ்சு போயிடுவாரு, அந்த ஸ்டீரிங்குதான் இவருக்கு உசுரு. என் கை இருக்குல்ல, பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். இன்னிக்குக் காலைல கடைசி சீட்டுல ஒரு பிள்ள வாந்தி எடுத்துச்சு. நான் பின்னாடி போனேன். லிவர்கிட்ட யாரும் இல்ல. அவ்வளவுதான் நடந்தது. ...ஏங்க, இப்படிப் பாக்காதீங்க. உங்கள அவமானப்படுத்தணும்னு சொல்லல. திட்டவாவது செய்யுங்க.

டாக்டர்: ஐயா... உங்களைத்தான். சாவி.

டிரைவர்: சட்டைப் பையில இருக்கு டாக்டர், எடுத்துக்குங்க. ஸ்கூலுக்கும் போன் பண்ணிடுங்க, பிரேக்குல கோளாறு இல்ல, டிரைவர்லதான் கோளாறுன்னு சொல்லுங்க. ...எனக்குத் தெரியும்மா. நீ இழுத்த மொத நாளே தெரியும். என் வண்டி எதுல நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லல, நானும் கேக்கல. கேட்டா ஓட்டாதன்னு சொல்லிடுவியோன்னு பயம். கண்ணாடியில கால் தெரியாத எடத்துலகூட, நீ இருக்கேன்னு நம்பித்தான் போயிக்கிட்டிருந்தேன். இன்னிக்குக் காலைல ஸ்கூல் கேட்டுகிட்ட நெருங்குனப்ப நான் காலை எடுத்து பிரேக்குல வெக்கவே இல்ல. நீ பின்னாடி போனது எனக்குத் தெரியல. நீ இழுப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன்.